குளிர்ந்த உள்ளமும் உறைந்த படியும்

ஒரு காட்சியை நினைத்துப் பார்க்கலாம். டில்லியில் ஓர் அரசு அலுவலகம். ஓய்வு பெறும் மேலதிகாரிக்குப் பிரிவுபசார விழா. அவர் உருக்கமாகப் பேசி முடித்ததும் நன்றி கூற எழுகிறார், தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து புதிதாக வந்த குமாஸ்தா. "ஐயாவின் பேச்சைக் கேட்டு உள்ளம் குளிர்ந்துவிட்டது" என்பதுதான் அவர் சொல்ல நினைத்தது. அதை அப்படியே ஆங்கிலத்துக்கு மாற்றி, "யுவர் ஸ்பீச் லெஃப்ட் மீ கோல்டு, ஸார்" என்கிறார். அதிகாரியின் முகம் சுருங்குகிறது. "உம் பேச்சு என் மனத்தைத் தொடவே இல்லை" என்றல்லவா அவர் காதில் விழுந்தது!

குற்றம் குமாஸ்தாவுடையது அல்ல. வெயிலில் வளர்ந்த மொழிக்கும் குளிரில் வளர்ந்த மொழிக்கும் உள்ள வேறுபாடு அது.

வெயில் நாட்டுப் பேச்சு

தமிழனுக்குக் குளிர்ச்சி பெரும்பாலும் நன்மை. ஊரிலிருந்து வந்த பிள்ளையைத் தாய் கண் குளிரப் பார்க்கிறாள். பாட்டி மனம் குளிர்ந்து வாழ்த்துகிறாள். நாலு வார்த்தை புகழ்ந்தால் உச்சி குளிர்ந்து போகிறது. அருளுக்குத் 'தண்ணளி' என்று ஒரு பெயர். தண்மை என்றால் குளிர்ச்சி. 'ஆறு' என்ற ஒரே வினையை எடுத்துக்கொண்டால், பால் ஆறுகிறது, புண் ஆறுகிறது, கோபம் ஆறுகிறது. துக்கத்துக்கும் ஆறுதல் கிடைக்கிறது. மாறாக, பொறாமை வந்தால் வயிறு எரிகிறது. அநீதியைக் கண்டால் நெஞ்சு கொதிக்கிறது.

அதற்காகக் குளிருக்குத் தமிழில் கெட்ட பெயரே இல்லை என்று சொல்ல முடியாது. அச்சத்தில் கை கால் சில்லிட்டுப் போகிறது. அடங்காத பையனைப் பற்றி, "அவனுக்குக் குளிர் விட்டுப் போயிற்று" என்பார்கள். அங்கே குளிர் என்றால் பயம். ஆனால் இரக்கமில்லாதவனைத் தமிழ் 'குளிர்ந்த நெஞ்சன்' என்று சொல்வதில்லை. 'நெஞ்சில் ஈரமில்லாதவன்' என்றே சொல்லும். மழைக்கு ஏங்கும் நாட்டின் பேச்சு அது.

கணப்பு நாட்டுப் பேச்சு

இங்கிலாந்தில் குளிர்காலம் நீண்டது. வாசலில் வந்து நிற்கும் விருந்தாளிக்கு அங்கே முதலில் வேண்டியது கணப்பு. ஆகவே அன்பு 'வார்ம்', அன்பின்மை 'கோல்டு' என்றாயிற்று. 'வார்ம் வெல்கம்' என்றால் சூடான வரவேற்பு அல்ல, அன்பான வரவேற்பு. தமிழில் 'சூடாக வரவேற்றார்' என்றால் வாசலிலேயே சண்டை என்று பொருளாகிவிடும்!

'கோல்டு ஷோல்டர்' என்பது பாராமுகம். வால்டர் ஸ்காட் 1816-ல் வெளியிட்ட 'தி ஆன்டிகுவரி' நாவலிலேயே இந்த வழக்கு வந்திருக்கிறது. ஆங்கிலேயன் தோளைக் காட்டுகிறான். தமிழன் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். 'கோல்டு ஃபீட்' என்றால் கடைசி நேரத்தில் துணிவிழந்து பின்வாங்குவது. 'கோல்டு பிளட்' என்பது ஆத்திரத்தில் அல்லாமல், நிதானமாகத் திட்டமிட்டுச் செய்த கொடுமையைக் குறிக்கும். துப்பாக்கி வெடிக்காமலே வல்லரசுகள் பகைமை பாராட்டியதைக் 'கோல்டு வார்' என்றார்கள். ஜார்ஜ் ஆர்வெல் 1945-லேயே இந்தச் சொல்லைக் கையாண்டார். தமிழ்ப் பத்திரிகைகள் அதைப் 'பனிப்போர்' ஆக்கின.

'கூல்' என்பதற்கு முகங்கள் பல. 'கீப் கூல்' என்றால் பதற்றப்படாதே. 'ஹி வாஸ் கூல் டு தி ப்ரொபோஸல்' என்றால் அவருக்கு அந்த யோசனையில் ஆர்வமில்லை. 'எ கூல் ஃபைவ் லாக்ஸ்' என்றால் முழுசாக ஐந்து லட்சம் என்று அழுத்திச் சொல்வது. கல்லூரிப் பிள்ளைகளின் 'கூல்', "நன்றாயிருக்கிறது" என்பதற்கு மேல் ஒன்றுமில்லை.

விடுப்புக் கடிதம் எழுதுவோர் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. 'ஐ ஆம் கோல்டு' என்றால் "எனக்குக் குளிருகிறது". 'ஐ ஹேவ் எ கோல்டு' என்றால் "எனக்கு ஜலதோஷம்". முதலாவதை எழுதினால், "ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வாருமே" என்று அதிகாரி கேட்கலாம்.

இரண்டும் கலந்த இந்தி

டில்லித் தமிழருக்கு இதில் ஒரு வசதி உண்டு. இந்தி இரண்டு கரையிலும் நிற்கிறது. நெடுநாள் ஆசை நிறைவேறினால் 'கலேஜா டண்டா ஹோ கயா' என்கிறார்கள். அது தமிழரின் 'உள்ளம் குளிர்ந்தது' என்பதற்கு வெகு நெருக்கம். அம்மை நோய்க்குரிய தெய்வம் வடக்கே 'சீதளா மாதா', அதாவது குளிர்ந்த தாய். தெற்கே மாரியம்மனைக் குளிரவைக்க வேப்பிலையும் கூழும் வைப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் அன்பான வரவேற்புக்கு அதே இந்திக்காரர்கள் 'கர்ம்ஜோஷி' என்கிறார்கள். வெப்பத்தை அன்பாக்கும் இந்தச் சொல் பாரசீகத்திலிருந்து வந்தது. பாரசீகமும் கடுங்குளிர் கண்ட நாடுதான்.

கோப்பில் இறங்கும் குளிர்

பேச்சில் பிழை வந்தால் சிரிப்போடு போய்விடும். அலுவலகக் கோப்பில் வரும் குளிர்ச் சொற்கள் அப்படியல்ல. அவை சம்பளத்தைத் தொடுபவை.

'கோல்டு ஸ்டோரேஜ்' என்பது ஒன்று. உத்தரப் பிரதேசத்தில் பிப்ரவரி, மார்ச்சில் தோண்டிய உருளைக்கிழங்கு குளிர்பதனக் கிடங்கில் மாதக்கணக்கில் கெடாமல் இருந்து சந்தைக்கு வருகிறது. ஆனால் ஒரு மனு 'கோல்டு ஸ்டோரேஜில்' இருக்கிறது என்றால், அது கிடப்பில் போடப்பட்டுவிட்டது என்று அர்த்தம். கிழங்கு திரும்பி வரும்; மனு வருமென்பது நிச்சயமில்லை.

இன்னொன்று 'ஃபிரீஸ்'. உறைந்த நீர் உருகினால் அதே நீர் திரும்பக் கிடைக்கும். முடக்கப்பட்ட வங்கிக் கணக்கையும் 'ஃபிரீஸ்' செய்ததாகவே சொல்வார்கள். பணம் உள்ளேயே இருக்கும், தடை நீங்கினால் எடுக்கலாம். ஆகவே சம்பளத்தில் 'ஃபிரீஸ்' என்று கேட்டாலும், "இப்போது இல்லை, பிறகு சேர்த்துத் தருவார்கள்" என்றே மனம் எண்ணிக்கொள்கிறது.

முன்பு ஒருமுறை ஏறக்குறைய அப்படித்தான் சட்டம் வகுத்தார்கள். 1974-ல் ஊதிய உயர்வு முழுவதையும், கூடுதல் பஞ்சப்படியில் பாதியையும் கட்டாய வைப்பாகப் பிடித்தார்கள். பின்னர் வட்டியுடன் தவணைகளில் திருப்பித் தருவது என்பது ஏற்பாடு.

2020 ஏப்ரலில், கொரோனாக் காலத்தில் மத்திய அரசு பிறப்பித்த உத்தரவின் தலைப்பிலும் இந்த 'ஃபிரீஸிங்' இருந்தது. 1-1-2020, 1-7-2020, 1-1-2021 ஆகிய மூன்று தேதிகளில் சேரவேண்டிய அகவிலைப்படித் தவணைகள் நிறுத்தப்பட்டன. படி 17 சதவீதத்திலேயே நின்றது. தலைப்பைப் படித்தவர்கள் 'உறைந்தது உருகும்' என்று எண்ணியிருக்கலாம். உத்தரவின் உள்ளேயோ, 2020 ஜனவரி முதல் 2021 ஜூன் வரைக்கும் நிலுவைத் தொகை தரப்படமாட்டாது என்று தெளிவாக எழுதியிருந்தது. அப்படியே நடந்தது. 2021 ஜூலை 1 முதல் படி 28 சதவீதமாயிற்று. இடைப்பட்ட 18 மாதத் தொகை வரவில்லை.

அடிப்படைச் சம்பளம் 18,000 ரூபாய் உள்ள கடைநிலை ஊழியருக்கு இதன் கணக்கு என்ன? முதல் ஆறு மாதம் 4 சதவீத வீதம் மாதம் 720 ரூபாய். அடுத்த ஆறு மாதம் 7 சதவீத வீதம் 1,260 ரூபாய். கடைசி ஆறு மாதம் 11 சதவீத வீதம் 1,980 ரூபாய். ஆண்டு ஊதிய உயர்வைச் சேர்க்காமலே மொத்தம் 23,760 ரூபாய். ஊரில் ஒரு குடும்பத்துக்கு அது பள்ளிக் கட்டணமாகவோ, அடகு நகையை மீட்கும் பணமாகவோ இருந்திருக்கும்.

விழா மேடையில் பேசிய அந்தக் குமாஸ்தாவுக்கு, 'வார்ம்டு மை ஹார்ட்' என்று மாற்றிச் சொல்லக் கற்றுக்கொடுக்க ஒரு நிமிடம் போதும். உத்தரவுகளைப் படிப்பதற்கு அது போதாது. 'ஃபிரீஸ்' என்ற சொல்லைத் தலைப்பில் கண்டால், "எந்தத் தேதி வரை?", "நிலுவை உண்டா, இல்லையா?" என்ற இரண்டு கேள்விகளுக்கும் பதில் கிடைக்கும் வரை தாளைக் கீழே வைக்கக்கூடாது.