அடுக்களைப் பானையில் அடுத்த வருஷக் கஞ்சி

எங்கள் நரிக்குடிப் பக்கம் மானம் பார்த்த பூமி. நான் வாழ்க்கைப்பட்டு வந்தபோது மாமியாரின் அடுக்களை மூலையில் விதைப் பானைகள் வரிசையாக இருக்கும். குதிரைவாலி, துவரை, தட்டைப்பயறு, மொச்சை, ஆமணக்கு. நன்றாகக் காயவைத்து, சாம்பலும் வேப்பிலையும் நொச்சி இலையும் போட்டு மூடி வைப்பார்.

"எதுக்கு அத்தை இத்தனை?" என்பேன்.

"மழை ஏமாத்தினா ஒண்ணு இல்லாட்டி இன்னொண்ணு கஞ்சி ஊத்தும் தாயி" என்பார்.

அவர் காலமான பிறகு, பருத்தி மட்டும் போட்டால் கையில் காசு நிற்கும் என்று நினைத்தோம். பானைகளைக் கவிழ்த்தவள் நான்தான். விதையெல்லாம் கோழிக்குப் போயிற்று.

2016-ல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. பருத்தி அப்படியே கருகிப்போச்சு. அடுத்த புஞ்சையில் குதிரைவாலியும் துவரையும் கலந்து போட்டிருந்த மதினிக்கு, குறைந்த விளைச்சல்தான் என்றாலும் வீட்டுச் சாப்பாட்டுக்கு வந்தது. மாட்டுக்குத் தாளும் கிடைத்தது. கோழிக்கு இறைத்தது என்னவென்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. மறு வருஷம் அந்த மதினியிடமே இரண்டு படி விதை கடன் வாங்கினேன்.

இப்போது பருத்தியும் உண்டு. ஆனால் தனியாக இல்லை. ஊடே போட்ட தட்டைப்பயற்றில் அசுவினி வரும். அதைத் தின்னப் பொறிவண்டு வரும். அதுவே பருத்திக்கும் காவல். வரப்போரத்து ஆமணக்கில் வெட்டுப்புழுவின் முட்டைக் குவியலைக் கண்டால், அந்த இலையைக் கிள்ளி அழித்துவிடுவேன். நட்டு வைத்த குச்சியில் கரிச்சான் உட்கார்ந்து புழு பொறுக்கும். கண்டபடி மருந்தடித்தால் கெட்ட பூச்சியோடு இந்த நல்லதுகளும் செத்துப்போகும்.

2023-ம் வருஷத்தை ஐக்கிய நாடுகள் சபை சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது. நம் பாட்டிமார் காய்ச்சிய கஞ்சிக்கு வந்த மவுசைப் பாருங்கள்!

டவுனில் இருக்கும் சகோதரிகளே, உங்களுக்கும் இதில் பங்கு உண்டு. நீங்கள் வாங்கினால்தான் நாங்கள் விதைப்போம். மாதம் ஒரு கிலோ குதிரைவாலி அரிசி வாங்குங்கள். நாலு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து போட்டு அரைத்தால், குழந்தைகள் விரும்பும் மெத்தென்ற இட்லி கிடைக்கும்.

போன தையில் மகளுக்குப் பொங்கல் சீர் கொண்டுபோனேன். கரும்பு, மஞ்சளோடு ஒரு சின்னப் பானை விதையும் வைத்தேன். "இதைக் கோழிக்குப் போட்டுடாதே" என்று சொல்லித்தான் கொடுத்தேன்.