ஊரும் கேரியும்: கவிஞர் சித்தலிங்கையா

நான் ஆசிரியனாய் இருந்த காலத்தில், ஒரு நாள் வகுப்பில் 'சேரி' என்னும் சொல்லுக்குப் பொருள் கேட்டேன். பலர் கை உயர்த்தினர். ஒரு மாணவன் மட்டும் தலை கவிழ்ந்தான். பழந்தமிழில் அச்சொல் மக்கள் சேர்ந்து வாழும் இடத்தையே குறித்தது என்று விளக்கினேன். எனினும் அவன் தலை நிமிரவில்லை. சொல்லின் பொருளை அவன் அகராதியில் அறிந்தவன் அல்லன், வாழ்ந்து அறிந்தவன்.

நாம் 'செவி' என்பதைக் கன்னடர் 'கிவி' என்பர். 'சேரி' என்பதைக் 'கேரி' என்பர். ஊர் வேறு, கேரி வேறு என்னும் பிரிவினையைத் தம் வாழ்க்கை வரலாற்றுக்கே தலைப்பாக்கி, 'ஊரு கேரி' எனப் பெயரிட்டார் ஒரு கன்னடக் கவிஞர். அவரே சித்தலிங்கையா.

அவர் 1954ஆம் ஆண்டு, மாகடி வட்டத்து மஞ்சனபெலெ என்னும் சிற்றூரில், தீண்டாமைக் கொடுமைக்கு ஆளான குடும்பத்தில் பிறந்தார். அவர் தம் நூலில் இளமைக் காட்சி ஒன்றைக் கூறுகிறார். இருவர் தோளில் நுகம் சுமந்து நடக்கின்றனர்; மூன்றாமவர் பின்னின்று உழுகின்றார். நுகம் சுமந்த இருவருள் ஒருவர் கவிஞரின் தந்தை. எருது நிற்க வேண்டிய இடத்தில் தந்தை நிற்கக் கண்ட பிள்ளையின் உள்ளம் என்ன பாடுபட்டிருக்கும்! அந்தப் பிள்ளைதான் பின்னர்ப் பெங்களூரில் மாணவர் விடுதியில் தங்கிப் படித்து, பல்கலைக்கழகப் பேராசிரியராக உயர்ந்தார்.

1973இல் அமைச்சர் பசவலிங்கப்பா, கன்னட இலக்கியத்தில் பெரும்பகுதி 'பூசா', அதாவது மாட்டுத் தீவனம், என்று கூறினார். பெருங் கிளர்ச்சி மூண்டது; அவர் பதவி துறக்க நேர்ந்தது. ஆயினும் அவர் எழுப்பிய வினா மறையவில்லை. உழைக்கும் மக்களின் குரல் இலக்கியத்தில் எங்கே? அவ்வினாவுக்கு விடைபோல 1975இல் வெளிவந்தது சித்தலிங்கையாவின் முதற் கவிதை நூலாகிய 'ஹொலெமாதிகர ஹாடு'. ஹொலெயர், மாதிகர் என்பன இழிவாக வழங்கப்பட்ட சாதிப் பெயர்கள். வசையாக எறியப்பட்ட சொற்களையே எடுத்து நூலின் முகப்பில் பொறித்தார் கவிஞர். இனி நாணவேண்டியவர் எறிந்தவரேயன்றி, ஏற்றவர் அல்லர் என்பது அதன் கருத்து.

அந்நாளில் செல்வாக்குற்றிருந்த நவ்யக் கவிதை, தனிமனிதனின் அகத்தை ஆராய்ந்தது. இவர் கவிதையோ தெருவில் இறங்கியது. பி. கிருஷ்ணப்பா, தேவனூர் மகாதேவா முதலியோருடன் இவர் தலித் சங்கர்ஷ சமிதியை உருவாக்கினார். அதன் ஊர்வலங்களில் எழுத்தறியாதவரும் இவர் பாடல்களைப் பாடினர். நாடு பெற்ற விடுதலை ஏழையின் குடிசையை எட்டியதா என்று அப்பாடல்கள் வினவின. கட்டைவிரலை இழந்த வில்லாளனை 'ஏகலவ்ய' நாடகத்திலும், நால் வருணத்துக்கு வெளியே தள்ளப்பட்டோரைப் 'பஞ்சம' நாடகத்திலும் அரங்கேற்றினார்.

சினம் மட்டுமே அவர் கருவி என்று எண்ணிவிடாதீர்கள். 'ஊரு கேரி' நூலைப் படிப்போர் பல இடங்களில் வாய்விட்டுச் சிரிப்பர். சிரித்த பின்னரே நெஞ்சு கனக்கும். துன்பத்தைக் காட்டி இரக்கம் இரப்பவரல்லர் அவர். பட்ட துன்பத்தைப் பார்த்து நகைக்க வல்லவனை எவராலும் அடிமைப்படுத்த இயலாது. எளிய மக்கள் வணங்கும் கிராம தேவதைகளைக் குறித்தே அவர் ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்றார். சட்ட மேலவை உறுப்பினராகவும் பணியாற்றினார்.

2015இல் சிரவணபெளகொளாவில் நடைபெற்ற கன்னட இலக்கிய மாநாட்டுக்கு அவர் தலைமை வகித்தார். கேரியில் பிறந்தவரை ஊர் எழுந்து நின்று வரவேற்றது. 2021 ஜூன் மாதம் கொரோனா நோயால் அவர் மறைந்தார். மறுஆண்டு பத்மசிறீ விருது அவர் பெயருக்கு அளிக்கப்பெற்றது.

அன்று தலை கவிழ்ந்த அம்மாணவனுக்குச் சொல்ல எனக்கு ஒரு விடை இருக்கவில்லை. இன்று சித்தலிங்கையாவின் நூலை அவன் கையில் கொடுப்பேன். அவனுக்கு மட்டுமன்று, அன்று கை உயர்த்திய மற்ற மாணவர்களுக்கும் கொடுப்பேன். சேரி என்பது சேர்ந்து வாழும் இடம் என மீண்டும் பொருள்பட வேண்டுமானால், ஊரில் இருப்போரும் அதைப் படித்தாக வேண்டும் அல்லவா?