விரதமும் வைத்தியமும்
குடிநோயிலிருந்து மீள இறைநம்பிக்கை எவ்வாறு துணைபுரிகிறது?

ஒரு கிராமத்தின் முன்னேற்றத்தைக் கணக்கிடும்போது, வெட்டிய கிணறுகளையும், போட்ட சாலைகளையும், கட்டிய பள்ளிகளையும் நாம் எண்ணிக் காட்டுகிறோம். அக்கிராமத்து வருவாயில் எவ்வளவு மதுவுக்குச் செல்கிறது என்பதை எவரும் எண்ணுவதில்லை. நாளொன்றுக்கு 150 ரூபாய் குடிக்குச் செலவிடும் ஒருவர் ஓராண்டில் 54,750 ரூபாயை இழக்கிறார். வீரிய விதையும் உரமும் கொணர்ந்த இலாபம் இவ்வழியே ஒழுகிப் போகுமாயின், அக்குடும்பம் உயர்வது எங்ஙனம்?

2019ஆம் ஆண்டு மத்திய அரசு வெளியிட்ட ஆய்வின்படி, மதுவுக்கு அடிமையானோரில் 38 பேருக்கு ஒருவரே ஏதேனும் ஒரு சிகிச்சை பெறுகிறார். நம் கிராமங்களில் குடியை விட விரும்புவோர் பலர் முதலில் நாடுவது மருத்துவமனையை அன்று. கோயிலையும் தருகாவையும் மாதா கோவிலையுமே. சிலர் இதனை மூடநம்பிக்கை என்று ஒதுக்குகின்றனர். வேறு சிலர் சாமி பார்த்துக்கொள்ளும் என்று மருத்துவத்தையே ஒதுக்குகின்றனர். இவ்விரண்டும் பிழை. நம்பிக்கையால் எது இயலும், எது இயலாது என்பதை ஊராட்சி உறுப்பினர்கள் தெளிவாக அறிந்திருத்தல் அவசியம்.

குடிநோய் என்பது யாது?

நெடுங்காலம் மிகுதியாகக் குடிப்பவரின் மூளையும் நரம்புகளும் மதுவுக்கு ஏற்பத் தம்மை மாற்றிக்கொள்கின்றன. பின்னர் மது இல்லாவிடில் உடல் நடுங்குகிறது, உறக்கம் வாராது, வேட்கை மிகுகிறது. இந்நிலையை உலக சுகாதார நிறுவனம் நோய் என்றே வகைப்படுத்தியுள்ளது. ஆகவே, குடிநோயாளியை ஒழுக்கங்கெட்டவர் என்று ஏசுவதால் பயன் இல்லை. நீரிழிவு நோயாளியைப் போல அவருக்கு மருந்தும் வேண்டும்; நாள்தோறும் கடைப்பிடிக்கத் தக்க ஒழுங்குமுறையும் வேண்டும். இந்த ஒழுங்குமுறையை அளிப்பதிலேயே நம்பிக்கையின் வலிமை விளங்குகிறது.

விரதம் செய்யும் உதவி

சபரிமலைக்கு மாலையணியும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவர் 41 நாட்கள் மதுவைத் தீண்டுவதில்லை. மற்ற நாட்களில் மாலைப்பொழுது வந்தால் நிலைகொள்ளாது தவித்தவர், இப்போது அமைதியாக இருப்பது எவ்வாறு? இதற்கு ஐந்து காரணங்கள் உண்டு.

முதலாவது, மறுப்பதற்கு அவருக்கு ஒரு காரணம் கிடைக்கிறது. "மாலை போட்டிருக்கிறேன்" என்று அவர் சொன்னால் எந்த நண்பரும் வற்புறுத்துவதில்லை. இரண்டாவது, குடிக்கும் நேரம் வேறு கடமையால் நிரம்புகிறது. அந்தி வேளையில் குளியலும் பூசையும் பஜனையும் உள்ளன. மூன்றாவது, கூட்டாளிகள் மாறுகின்றனர். நான்காவது, உணவும் உறக்கமும் ஒழுங்குபடுகின்றன. ஐந்தாவதே அனைத்தினும் பெரிது: நேற்றுவரை ஏளனத்துக்கு ஆளானவரை இன்று வீட்டாரும் ஊராரும் "சாமி" என்று மரியாதையுடன் அழைக்கின்றனர். இழந்த மதிப்பு திரும்ப வருவதைக் காட்டிலும் சிறந்த ஊக்கம் வேறில்லை.

பழனிக்கும் வேளாங்கண்ணிக்கும் பாதயாத்திரை செல்வோரிடமும், தவக்காலத்தில் ஒறுத்தல் மேற்கொள்ளும் கிறித்தவரிடமும் இதனைக் காணலாம். மதுவை முற்றிலும் விலக்கிய இசுலாமிய நெறி, ஐவேளைத் தொழுகையால் நாள் முழுவதையும் ஒழுங்குபடுத்துகிறது.

குடிநோயாளர் தாமே கண்ட வழி

அமெரிக்காவில் ஒகையோ மாநிலத்து ஆக்ரன் நகரில், 1935ஆம் ஆண்டு பில் வில்சன் என்னும் பங்குத் தரகரும், பாப் ஸ்மித் என்னும் அறுவை மருத்துவரும் சந்தித்தனர். இருவரும் குடிநோயாளர். தம்மைப் போன்ற மற்றொருவருடன் மனம்விட்டுப் பேசுவதே குடிவேட்கையை அடக்குகிறது என்று கண்டனர். இவ்வாறு பிறந்ததே "ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்" என்னும் தோழமை. 1939ஆம் ஆண்டு வெளியான அதன் நூல் 12 படிகளை வகுத்தது. தன் வலிமையால் மட்டும் மதுவை வெல்ல இயலாது என ஒப்புதல், தன்னினும் மேலான ஓர் ஆற்றலை நம்புதல், பிறருக்கு இழைத்த தீங்குக்கு ஈடு செய்தல், மற்றக் குடிநோயாளருக்கு உதவுதல் ஆகியன அவற்றுள் முக்கியமானவை.

அவ்வாற்றல் எது என்பதை அவரவர் கருத்துக்கே இத்தோழமை விட்டுவிட்டது. கடவுளை நம்பாதவரும் இதில் சேரலாம். குழுவின் ஒற்றுமையையே தம்மினும் பெரிய ஆற்றலாக அவர் கொள்ளலாம். கட்டணம் கிடையாது. குடியை விடவேண்டும் என்னும் விருப்பம் ஒன்றே சேர்வதற்குத் தகுதி. தமிழ்நாட்டிலும் இதன் குழுக்கள் கூடுகின்றன. 27 ஆய்வுகளையும் 10,565 பேரையும் உள்ளடக்கிய காக்ரன் மதிப்பீடு 2020ஆம் ஆண்டு வெளிவந்தது. திட்டமிட்ட முறையில் இத்தோழமையில் சேர்க்கப்பட்டோர், மற்றச் சிகிச்சைகள் பெற்றோரைக் காட்டிலும் மிகுதியாகத் தொடர்ந்து குடியாதிருந்தனர் என்று அது கண்டது. நம்பிக்கையும் நல்ல துணையும் சேர்ந்தால் பயன் உண்டு என்பதற்கு இது தக்க சான்று.

முதல் நான்கு நாட்களின் அபாயம்

எனினும், நம்பிக்கையால் மட்டும் கடக்க இயலாத ஓர் ஆறு இடையே உள்ளது. பல்லாண்டு நாள்தோறும் குடித்தவர் திடீரென நிறுத்தினால், சில மணி நேரத்தில் கைநடுக்கமும் வியர்வையும் தோன்றும். முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாள் முதல் நான்காம் நாள் வரை சிலருக்குச் சித்தம் கலங்கும். இல்லாத பூச்சிகளையும் உருவங்களையும் காண்பர். நாள், இடம் தெரியாது பிதற்றுவர். உடனே சிகிச்சை தராவிடில் இது உயிரையே பறிக்கலாம்.

கோயிலில் சத்தியம் செய்து கயிறு கட்டிய மறுநாளோ மூன்றாம் நாளோ இந்நிலை ஏற்பட்டால், உறவினர் என்ன எண்ணுவர்? சாமி வந்துவிட்டது என்றோ, பேய் பிடித்தது என்றோ கருதி வேப்பிலை அடிப்பர். அந்நேரத்தில் இழக்கும் ஒவ்வொரு மணியும் ஆபத்தானது. மருத்துவர் தரும் மருந்துகளும், தயாமின் எனப்படும் பி1 உயிர்ச்சத்தும் இவ்விபத்தைப் பெரும்பாலும் தடுக்க வல்லவை. ஆதலால், நாள்தோறும் மிகுதியாகக் குடிப்பவர், காலையில் எழுந்ததும் கைநடுங்குபவர், முன்பு குடியை நிறுத்தியபோது வலிப்புக் கண்டவர் ஆகியோர் மருத்துவரைக் கண்ட பின்னரே விரதம் தொடங்க வேண்டும். முதலில் மருத்துவர், பிறகு மாலை என்பதே முறை.

நாற்பத்திரண்டாம் நாள்

மற்றோர் இடர் விரதம் முடிந்த பின் வருகிறது. மாலையைக் கழற்றியவுடன் "சாமி" மீண்டும் பழைய பெயருக்குத் திரும்புகிறார். அந்திப் பூசை இல்லை. பழைய கூட்டாளிகள் வருகின்றனர். 41 நாட்கள் அவரைத் தாங்கிய தூண்கள் அனைத்தும் ஒரே நாளில் அகற்றப்படுகின்றன. அவர் விழுந்தால் வியப்பென்ன? ஆகவே 42ஆம் நாளுக்கான ஏற்பாட்டை விரத நாட்களிலேயே செய்தல் வேண்டும். மாலையைக் கழற்றினாலும் வாரம் ஒரு நாள் பஜனையையும், நல்ல துணையையும், மருத்துவரைக் காணும் வழக்கத்தையும் கைவிடலாகாது.

சத்தியத்தை மீறியவர் படும் அச்சமும் பெரிது. தெய்வக் குற்றம் ஆகிவிட்டது என்று நடுங்கி ஒளிந்துகொண்டு, அவ்வச்சத்தாலேயே மேலும் குடிப்பார். குடிநோயில் ஒருமுறை வழுக்குதல் இயல்பு. வழுக்கியவரை மீண்டும் அழைத்து, மறுநாளையே முதல் நாளாகக் கொள்ளச் செய்தல் வேண்டும். பூசாரியும், இமாமும், பங்குத் தந்தையும், "இறைவன் மன்னிப்பான், மீண்டும் தொடங்கு" என்று கூறும் ஒரு சொல், பல அறிவுரைகளினும் மேலானது.

நம்பிக்கையின் பெயரால் கேடு கூடாது

2001ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள், இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் மனநோயாளிகளைத் தங்கவைத்திருந்த தனியார் இல்லம் ஒன்றில் தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தமையால் தப்ப இயலாமல் 28 பேர் மாண்டனர். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளியைச் சங்கிலியிடுவதை முற்றிலும் தடை செய்கிறது. குடிநோயால் விளையும் மனநிலைக் கோளாறுகளும் அச்சட்டத்துள் அடங்கும். குடியை மறக்கச் செய்வதாகக் கூறி அடிப்பதும், கட்டி வைப்பதும், பெருந்தொகை பறிப்பதும் பக்தி ஆகா.

அவ்வாறே, நோயாளி அறியாமல் உணவில் பொடி கலந்து கொடுத்தலும் தவறு. மதுவுடன் சேர்ந்தால் உடலைக் கடுமையாகத் தாக்கும் மருந்துகள் உள. இவற்றை மருத்துவர் மேற்பார்வையில், நோயாளியின் சம்மதத்துடன் மட்டுமே தருதல் வேண்டும்.

ஊராட்சிகள் செய்யத் தக்கவை

சென்னையில் 1980ஆம் ஆண்டு சாந்தி ரங்கநாதன் அம்மையார் நிறுவிய டி.டி.கே. மருத்துவமனை, திருவாரூர் மாவட்டத்து மஞ்சக்குடியில் முகாம் அமைத்துக் கிராமத்திலேயே குடிநோய்க்குச் சிகிச்சை அளித்தது. அம்முயற்சியைப் பற்றிய கட்டுரை 1994ஆம் ஆண்டு அயல்நாட்டு ஆராய்ச்சி இதழொன்றில் வெளிவந்தது. நோயாளியைத் தன் ஊரிலிருந்து பிரிக்காமல், ஊரையே சிகிச்சையில் பங்குகொள்ளச் செய்யலாம் என்பதே அதனால் நாம் பெறும் பாடம். பின்வருவனவற்றைச் செய்யப் பெருஞ்செலவு தேவையில்லை:

1. மாலையணியும் காலத்துக்கும் திருவிழாவுக்கும் ஒரு மாதம் முன்னரே, ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரைக் கொண்டு குடிநோய்ப் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்தல்.

2. பூசாரி, குருசாமி, இமாம், பங்குத் தந்தை ஆகியோரை ஒருங்கே அழைத்து, நடுக்கம், வலிப்பு, பிதற்றல் ஆகிய அறிகுறிகளை விளக்குதல். இவை தோன்றினால் 108 ஊர்தியை உடனே அழைக்க வேண்டும்.

3. போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446 என்பதைக் கோயில் வாயிலிலும், நியாயவிலைக் கடையிலும், ஊராட்சி அலுவலகத்திலும் எழுதிவைத்தல்.

4. குடியை விட்டோர் வாரம் ஒருமுறை கூடிப் பேச, மாலை நேரத்தில் ஊராட்சிக் கட்டடத்திலோ பள்ளியிலோ ஓர் அறையை ஒதுக்குதல். எம்மதத்தவரும், மதம் சாராதவரும் அங்கு வர இடம் இருத்தல் வேண்டும்.

5. மகளிர் சுய உதவிக் குழுக்கள் வாயிலாக, குடிநோயாளரின் மனைவிமாருக்கும் பிள்ளைகளுக்கும் ஆதரவளித்தல்.

6. குடியை விட்டவருக்குக் கோயில் திருப்பணியிலோ ஊர்ப் பொதுவேலையிலோ பொறுப்பு ஒன்றைத் தருதல். கிராம சபையில் அவர் பெயரைக் கூறி நாணச் செய்தல் கூடாது.

நிலம் நன்கு விளைய விதையும் வேண்டும், நீரும் வேண்டும். ஒன்று இருக்க மற்றொன்று எதற்கு என்று எந்த உழவரும் கேட்பதில்லை. குடிநோயாளிக்கும் மருத்துவமும் வேண்டும், நம்பிக்கையும் வேண்டும். வரும் கார்த்திகையில் நம் ஊரில் மாலையணிவோருள், தை பிறந்த பின்னும் மதுவைத் தீண்டாதிருப்போர் எத்தனை பேர் என்பதை ஒவ்வோர் ஊராட்சியும் எண்ணிப் பார்க்கட்டும். அந்த எண்ணிக்கை ஆண்டுதோறும் உயருமாயின், அதுவும் நம் கிராம முன்னேற்றக் கணக்கில் சேர்க்கத் தக்கதே.