இளமையில் ஆய்வு

பாடநூல் விடைகளைத் தருகிறது; அவ்விடைகள் எவ்வாறு கிடைத்தன என்பதை அறியும் வாய்ப்பை ஆய்வு தருகிறது. கல்லூரியில் பயிலும் காலத்திலேயே ஆய்வுக்கூடங்களுக்குள் நுழைவதற்கும், அங்குக் கற்றதை மக்களுக்குத் தாய்மொழியில் எடுத்துரைப்பதற்கும் பல வழிகள் உள்ளன. அவ்வழிகளையும் அவற்றை அடையும் முறைகளையும் இப்பாடம் விளக்குகிறது.

பள்ளிக்கல்வியை முடித்துக் கல்லூரிக்குச் செல்லும் மாணவருள் பலர், பட்டம் வேலைக்கு உரியது, ஆய்வு மேதைகளுக்கு உரியது எனக் கருதுகின்றனர். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரியில் காலடி வைப்போர்க்கு இவ்வெண்ணம் தோன்றுவது இயல்பே. ஆய்வாளர் ஒருவரை நேரில் கண்டிராதவர்க்கு ஆய்வுத்தொழில் எட்டாத தொலைவில் இருப்பதாகவே தோன்றும். அதனால், திறமையும் ஆர்வமும் உடைய மாணவர் பலர், விண்ணப்பிக்கும் காலம் கடந்த பின்னரே வாய்ப்புகளைப் பற்றி அறிகின்றனர். இவ்விழப்பைத் தவிர்க்க, கல்லூரியில் சேர்வதற்கு முன்பே வழிகளை அறிந்திருத்தல் நன்று.

இளமையில் தொடங்கியோர்

சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்றபோது சி.வி. இராமன் ஒளியின் விளிம்பு விளைவு குறித்து ஆய்வு செய்தார். அவ்வாய்வுக் கட்டுரை 1906ஆம் ஆண்டு இலண்டனின் ‘பிலசாபிகல் மேகசின்’ என்னும் ஆய்விதழில் வெளியானது. அப்போது அவருக்கு வயது 18. அதன்பின் அவர் நிதித்துறை அலுவலராகக் கொல்கத்தாவில் பணியேற்றார். அங்கும் அலுவல் நேரம் போக எஞ்சிய பொழுதை இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தின் ஆய்வுக்கூடத்தில் செலவிட்டார். 1928 பிப்ரவரி 28 அன்று அறிவிக்கப்பட்ட ‘இராமன் விளைவு’ அக்கூடத்தில் கண்டறியப்பட்டதாகும். அந்நாளே தேசிய அறிவியல் நாளாகக் கொண்டாடப்படுகிறது.

அதே மாநிலக் கல்லூரியில் பயின்ற சுப்பிரமணியன் சந்திரசேகர், பட்டம் பெறுமுன்பே இலண்டன் இராயல் கழகத்தின் இதழில் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். 1930இல் மேற்படிப்புக்காக இங்கிலாந்து நோக்கிக் கப்பலில் சென்றபோது வெண்குறு விண்மீன்களின் நிறைக்கு ஓர் எல்லை உண்டு எனக் கணக்கிட்டார். இராணி மேரி கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் பயின்ற ஜானகி அம்மாள், பின்னாளில் கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் கரும்புக் கலப்பினங்களை ஆராய்ந்து உலகப் புகழ்பெற்றார்.

சீனிவாச இராமானுஜன் இந்தியாவில் கல்லூரிப் பட்டம் பெறாதவர். சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தில் எழுத்தராகப் பணியாற்றியவர். 1913ஆம் ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு மாதம் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகை வழங்கியது. அலுவலகக் கணக்குகளிலிருந்து விடுபட்டு முழுநேரமும் கணிதத்தில் ஈடுபட அவருக்கு அத்தொகை துணைநின்றது. ஓர் ஆசிரியரின் ஊக்கம், ஒரு நூலகம், ஓர் ஆய்வுக்கூடம், ஓர் உதவித்தொகை ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று உரிய காலத்தில் கிடைத்ததே இவர்களுடைய திறமை வெளிப்படக் காரணமாயிற்று. அன்று அரிதாகக் கிடைத்த அத்தகைய உதவி, இன்று பலருக்கும் உரிய திட்டங்களாக வளர்ந்துள்ளது.

கோடை விடுமுறையில் ஆய்வு

பெங்களூருவிலுள்ள இந்திய அறிவியல் கழகம், புதுதில்லியிலுள்ள இந்தியத் தேசிய அறிவியல் கழகம், பிரயாக்ராஜிலுள்ள தேசிய அறிவியல் கழகம் ஆகிய மூன்றும் இணைந்து கோடைக்கால ஆய்வுத் திட்டம் ஒன்றை நடத்தி வருகின்றன. இதில் தேர்ந்தெடுக்கப்படும் கல்லூரி மாணவர், இரண்டு மாதங்கள் ஓர் அறிவியலாளரின் வழிகாட்டுதலில் பணியாற்றுவர். அவர்களுக்கு உதவித்தொகை வழங்கப்படும். மும்பையிலுள்ள டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம், பெங்களூருவிலுள்ள ஜவகர்லால் நேரு உயர்நிலை அறிவியல் ஆய்வு மையம், சென்னை தரமணியிலுள்ள கணித அறிவியல் நிறுவனம் ஆகியனவும் கோடையில் மாணவர்க்கு ஆய்வுப் பயிற்சி அளிக்கின்றன. தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றம் கல்லூரி மாணவரின் ஆய்வுத்திட்டங்களுக்கு நிதியுதவி வழங்குகிறது.

இவற்றிற்கான விண்ணப்பங்கள் கோடைக்குப் பல மாதங்களுக்கு முன்பே கோரப்படுகின்றன. மே மாதத்தில் ஆய்வுக்கூடத்திற்குச் செல்ல விரும்பும் மாணவர், முந்தைய ஆண்டின் இறுதியிலேயே ஆயத்தமாக வேண்டும். விண்ணப்பத்தில் மதிப்பெண்களுடன், எப்பொருள் குறித்து ஏன் ஆராய விரும்புகிறார் என மாணவர் எழுதும் சிறு விளக்கமும் கருதப்படும். அவரை நன்கறிந்த ஆசிரியரின் பரிந்துரைக் கடிதமும் பெரும்பாலும் தேவைப்படும். வகுப்பில் வினா எழுப்பும் மாணவரையும், ஆய்வகத்தில் எதிர்பாராத அளவீடு கிடைத்தால் அதை அழித்துவிடாமல் காரணம் தேடும் மாணவரையும் ஆசிரியர் நினைவில் கொள்வார். நல்ல பரிந்துரை அவ்வாறே உருவாகிறது.

பட்டம் பெற்ற பின்

முதுநிலைப் பட்டம் பெற்றோர் தேசியத் தகுதித் தேர்வின் வழியாக இளநிலை ஆய்வாளர் உதவித்தொகை பெறலாம். 2023ஆம் ஆண்டில் இத்தொகை மாதம் 37,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. ஆய்வுப்படிப்பு குடும்பத்திற்குச் சுமையாகும் என அஞ்சுவோர் அறிய வேண்டிய செய்தி இது. முனைவர் பட்டத்தில் உடனே சேர விரும்பாதவர், ஆய்வு நிறுவனங்களில் நடைபெறும் திட்டங்களில் திட்ட உதவியாளராகப் பணியாற்றலாம். ஆய்வு தமக்கு ஏற்றதா என அறிந்துகொள்ள அப்பணி உதவும்.

கடற்கரையும் ஆய்வுக்களமே

கருவிகள் நிறைந்த கூடத்தில் மட்டுமே ஆய்வு நிகழ்வதில்லை. குளிர்காலத்தின் பிற்பகுதி முதல் கோடையின் தொடக்கம் வரை, பங்குனி ஆமைகள் சென்னைக் கடற்கரை மணலில் முட்டையிடுகின்றன. 1988ஆம் ஆண்டு மாணவர்களால் தொடங்கப்பட்ட கடலாமைப் பாதுகாப்பு அமைப்பினர், அப்பருவத்தின் இரவுகளில் கடற்கரையில் நடந்து சென்று முட்டைக் குழிகளைத் தேடுகின்றனர். முட்டைகளை எண்ணிக் குறித்து, பாதுகாப்பான பொரிப்பகத்தில் மீண்டும் புதைக்கின்றனர். பொரித்து வரும் குஞ்சுகளைக் கடலில் விடுகின்றனர். நகரின் விளக்கொளியால் திசைமாறும் குஞ்சுகள் இவ்வாறு காக்கப்படுகின்றன. பொதுமக்களையும் உடன் அழைத்துச் சென்று விளக்குவதால், இப்பணியில் பாதுகாப்பும் அறிவியல் பரப்பலும் இணைகின்றன.

பொங்கல் விடுமுறை நாள்களில் தமிழ்நாட்டில் நடைபெறும் பறவைகள் கணக்கெடுப்பும் இத்தகையதே. தம் ஊர் ஏரியிலும் வயலிலும் காணும் பறவைகளை இனங்கண்டு, எண்ணி, இணையத்தில் பதிவிடுவதே இப்பணி. பள்ளி மாணவரும் இதில் பங்கேற்கலாம். நாள், இடம், நேரம், எண்ணிக்கை ஆகியவற்றைப் பிழையின்றிப் பதிவு செய்யும் பழக்கமே ஆய்வின் முதற்பாடமாகும்.

மக்கள் மொழியில் அறிவியல்

ஆய்வின் பயன் மக்களைச் சென்றடைய மக்களின் மொழி தேவை. இதனை உணர்ந்தோர் தமிழில் முன்பே இருந்தனர். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன், மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். அதற்கெனத் தாமே தமிழ் கற்று, மருத்துவ நூல்களைத் தமிழாக்கி வெளியிட்டார். வழக்குரைஞரான பெ.நா. அப்புசுவாமி நெடுங்காலம் அறிவியல் கட்டுரைகளை எளிய தமிழில் எழுதினார். பெரியசாமித் தூரன் முதன்மைப் பதிப்பாசிரியராக இருந்து பத்துத் தொகுதிகளாகத் தமிழ்க் கலைக்களஞ்சியத்தை உருவாக்கினார். 1980இல் தொடங்கிய தமிழ்நாடு அறிவியல் இயக்கம், சிறுவர்க்கென ‘துளிர்’ என்னும் அறிவியல் இதழை வெளியிட்டு வருகிறது.

இத்துறையில் இளைஞருக்கு இன்றும் இடமுண்டு. நாளிதழ்கள், வானொலி, காணொலி, அருங்காட்சியகம், கோளரங்கம் ஆகிய அனைத்திற்கும் அறிவியலை அறிந்து, அதைத் தெளிவாகச் சொல்ல வல்லவர் தேவைப்படுகின்றனர். ஆய்வு மாணவர் தம் ஆய்வைப் பொதுமக்களுக்குப் புரியும் வகையில் எழுதுவதை ஊக்குவிக்க, நடுவணரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறை 2018இல் ‘அவ்சார்’ என்னும் பரிசுத் திட்டத்தைத் தொடங்கியது. நன்றாக எழுதுவதும் அறிவியல் பணியே என்பதற்கு இத்திட்டம் சான்றாகும்.

எழுதும் முறை

‘கடலாமைகளில் பாலினம் வெப்பநிலை சார்ந்து தீர்மானிக்கப்படுகிறது’ என்னும் தொடர் சரியானது. ஆயினும் முதன்முறை கேட்போர்க்கு அதன் பொருள் விளங்குவது அரிது. ‘ஆமை முட்டையிலிருந்து வெளிவருவது ஆணா பெண்ணா என்பதை, அம்முட்டை புதைந்துள்ள மணலின் சூடே முடிவு செய்கிறது, சூடு மிகுந்தால் பெண் குஞ்சுகள் மிகும், குறைந்தால் ஆண் குஞ்சுகள் மிகும்’ என எழுதினால் எவர்க்கும் விளங்கும். புவி வெப்பமானால் ஆமையினம் என்னவாகும் என்னும் வினா, படிப்பவர் மனத்தில் தானே எழும்.

எளிமைக்காக உண்மையைத் திரித்தல் கூடாது. ஓர் எலியிடம் செய்த சோதனையை மனிதர்க்குக் கிடைத்த மருந்தெனவோ, முதற்கட்ட முடிவை இறுதி முடிவெனவோ எழுதினால் நோயுற்றோர் ஏமாற்றமடைவர். அறிந்தது எது, இன்னும் அறியப்படாதது எது என்பதைப் பிரித்துக் கூறுவது அறிவியல் எழுத்தாளரின் கடமையாகும்.

இன்றே தொடங்கலாம்

ஆய்விதழ்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் வெளிவருவதால், தமிழ்வழியில் பயில்வோர் தயக்கம் கொள்வதுண்டு. ஆங்கிலத்தை நாள்தோறும் சிறிது சிறிதாகப் பயின்றால் அத்தடையைக் கடக்கலாம். கருத்துகளைத் தமிழில் ஆழ்ந்து கற்றவரோ, இரு மொழிகளுக்கும் இடையே பாலமாகும் தகுதியைக் கூடுதலாகப் பெறுகிறார். ஆங்கிலத்தில் மட்டும் அறிவியல் கற்றவர்க்கு அது எளிதில் வாய்ப்பதன்று.

ஐயங்களையும் உற்றுநோக்கியவற்றையும் குறித்துவைக்க ஒரு குறிப்பேடு, அறிவியல் இதழ் ஒன்றைத் தொடர்ந்து படிக்கும் பழக்கம், வகுப்பில் கற்ற ஒரு கருத்தை வீட்டிலுள்ளோர்க்கு விளங்கச் சொல்லும் முயற்சி ஆகியவை பள்ளி மாணவர்க்கும் இயல்வன. இவற்றைப் பழகிய மாணவர் கல்லூரியில் ஆய்வு வாய்ப்பு வரும்போது தயங்கமாட்டார். அவர் ஆராய்ந்து அறிவது, அவருடைய ஊராருக்கும் அவர் வழியாகச் சென்று சேரும்.