அம்போன் தீவின் கண்ணிழந்த பண்டிதர்

கல்விச் செல்வத்துக்குத் தீயாலும் நீராலும் அழிவில்லை என்று நம்மவர் சொல்வது வழக்கம். அவ்வுரை எவ்வளவு தூரம் செல்லும் என்பதை ஒரு மனிதருடைய வாழ்க்கை பரீக்ஷித்துக் காட்டியிருக்கிறது. பதினேழாம் நூற்றாண்டில், இன்று இந்தோனேசியாவைச் சேர்ந்த மொலுக்காஸ் தீவுகளில் வாழ்ந்த ஜெர்மானியத் தாவர சாஸ்திரி கியோர்க் எபர்ஹார்ட் ரும்பியஸ் என்பவரே அவர். அவருடைய நூலைத் தீயும் கடலும் அழிக்க முயன்று தோற்றன. அவற்றால் ஆகாத காரியத்தை ஒரு வர்த்தகக் கம்பெனியின் பேராசை நெடுங்காலம் சாதித்து வைத்தது. அவ்வரலாற்றை நேயர்கள் அறிந்திருப்பது நலமென்று கருதுகிறோம்.

ரும்பியஸ் 1627-ம் வருஷ வாக்கில் ஜெர்மனியின் ஹெஸ்ஸே பிரதேசத்தில் பிறந்து, ஹானாவ் நகரில் கல்வி பயின்றவர். முப்பதாண்டு யுத்தத்தினால் அந்நாடு பாழ்பட்டுக் கிடந்த காலம் அது. இளமையிலேயே பட்டாளத்தில் சேர்ந்து, போர்ச்சுகலில் சில வருஷங்கள் கழித்து மீண்ட அவர், 1652-ம் வருஷ முடிவில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் சிப்பாயாகக் கப்பலேறினார். மறு வருஷம் ஜாவாவிலுள்ள பட்டேவியாவை அடைந்து, 1654-ல் அம்போன் தீவில் கால் வைத்தார். அதன் பின் அவர் ஐரோப்பாவுக்குத் திரும்பவேயில்லை.

அத்தீவில் கம்பெனியாருக்கு என்ன வேலை என்று கேட்கலாம். கிராம்பு ஒன்றே அதற்கு விடை. அக்காலத்தில் உலகத்துக்குக் கிராம்பு அளித்தவை அச்சிறு தீவுகளே. விலை குறையாதிருக்க வேண்டுமென்பதற்காக, அம்போனிலும் அதையடுத்த சில தீவுகளிலும் தவிர வேறெங்கும் கிராம்பு மரம் நிற்கக்கூடாதென்று கம்பெனியார் தீர்மானித்தார்கள். மற்றத் தீவுகளில் மரங்களை வெட்டி வீழ்த்தப் படகுப் படைகள் அனுப்பப்பட்டன. அப்படகுகளுக்குத் துடுப்புப் போடும்படி நிர்ப்பந்திக்கப்பட்டவர்களும் அத்தீவு மக்களே! எதிர்த்து நின்றவர்கள் யுத்தத்தில் நசுக்கப்பட்டார்கள். ரும்பியஸ் வந்து சேர்ந்தது அந்த யுத்தத்தின் நடுவில்தான். மரத்தை லாபத்தின் கண்ணால் மட்டும் பார்த்தவர்களின் சேவகராக வந்தவர், மரத்தை மரமாகவே பார்க்கத் தொடங்கியது ஓர் ஆச்சரியமன்றோ?

1657-ல் அவர் பட்டாளத்தை விட்டுக் கம்பெனியின் வர்த்தக உத்தியோகத்தில் அமர்ந்து, ஹிட்டு கடற்கரையிலுள்ள ஹீலா என்னும் ஊரில் வசித்தார். ஓய்ந்த நேரமெல்லாம் காட்டிலும் கரையிலும் திரிந்து செடி கொடிகளைச் சேகரித்தார். அவருக்கு ஆசிரியர்களாக வாய்த்தவர்கள் அத்தீவு வாசிகள். எந்த வேர் ஜுரத்துக்கு உதவும், எந்தப் பால் விஷம், ஸேகோ மரத்தின் தண்டிலிருந்து மாவெடுத்து உண்பது எவ்வாறு என்பவற்றையெல்லாம் அவர்களிடம் கேட்டு, அவர்கள் வழங்கிய பெயர்களுடனேயே எழுதி வைத்தார். மூலிகை தேடுவதில் அவருக்கு முதல் துணையாயிருந்தவள் மனைவி ஸூஸன்னா.

1670-ல், நாற்பது வயதை அவர் சற்றே தாண்டியிருந்த பொழுது, இரு கண்களும் பார்வையிழந்தன. கம்பெனியார் அவரை உத்தியோகத்திலிருந்து தள்ளிவிடாமல் சம்பளம் கொடுத்து வந்ததையும், எழுத்தர்களையும் சித்திரக்காரர்களையும் உதவியதையும் நாம் மறைக்க வேண்டியதில்லை. லத்தீனில் எழுதிவந்த நூலை, எழுத்தர்களுக்கு அப்பாஷை தெரியாமையால் டச்சு மொழியில் மீண்டும் தொடக்கத்திலிருந்து சொல்லி எழுதுவித்தார். கண் செய்த வேலையை விரலும் மூக்கும் நாவும் செய்தன.

1674-ம் வருஷம் பிப்ரவரி 17-ந் தேதி அம்போனைப் பெரும் பூகம்பம் உலுக்கியது. கடல் பொங்கி இரண்டாயிரம் பேருக்கு மேல் மாண்டனர். சுவர் இடிந்து விழுந்து ஸூஸன்னாவும் ஒரு மகளும் உயிரிழந்தார்கள். வெண்ணிறப் பூவுடைய ஓர் ஆர்க்கிட் செடிக்கு அவர் தம் மனைவியின் பெயரை இட்டார்; அச்செடியின் சாஸ்திரப் பெயரில் ஸூஸன்னா இன்றும் வாழ்கிறாள். 1687-ல் ஊரில் பற்றிய தீ, வருஷக்கணக்காகத் தீட்டிய சித்திரங்களைச் சாம்பலாக்கியது. தம் மகனையும் பிறரையும் கொண்டு அவற்றை மறுபடி எழுதுவித்தார். 1692-ல் நூலின் முதற் பகுதியை ஐரோப்பாவுக்கு ஏற்றிச் சென்ற கப்பலைப் பிரெஞ்சுக்காரர் மூழ்கடித்தனர். நல்வினைப் பயனாக, பட்டேவியாவில் கவர்னர்-ஜெனரலாயிருந்த காம்பாய்ஸ், அனுப்புமுன் ஒரு பிரதி எடுத்து வைத்திருந்தார். அப்பிரதி 1696-ல் ஹாலந்தை அடைந்தது.

இனியாவது நூல் வெளிவந்திருக்க வேண்டாமா? வரவில்லை. வாசனைத் திரவியங்களைப் பற்றிய செய்திகள் போட்டியாளர் கைக்கு எட்டிவிடும் என்ற அச்சத்தினால் கம்பெனியார் பிரசுரத்துக்கு இணங்கவில்லை. தம் நூல் அச்சேறியதை அறியாமலே 1702-ம் வருஷம் ஜூன் 15-ந் தேதி ரும்பியஸ் காலமானார். பின்னர்த் தடை நீங்கிய போதும் அச்சிட முன்வருவார் இல்லை. ஆம்ஸ்டர்டாமில் ஜோஹன்னஸ் பர்மன் என்ற தாவர சாஸ்திரி அதை லத்தீன் மொழிபெயர்ப்புடன் வெளியிடத் தொடங்கியது 1741-ல். ஆசிரியர் மறைந்து முப்பத்தொன்பது வருஷங்களுக்குப் பிறகு! தென்னையில் தொடங்கி ஏறத்தாழ 1,200 தாவரங்களை வர்ணிக்கும் அப்பெருநூலை லின்னேயஸ் போன்ற பேரறிஞர்கள் ஆதாரமாகக் கொண்டார்கள். இங்கிலீஷில் அதன் முழு மொழிபெயர்ப்பு 2011-ல்தான் வந்தது.

தீயும் கடலும் பகுத்தறிவில்லாதவை. அவற்றை நொந்து பயனில்லை. மனிதர் அறிந்தே செய்த தடையைத்தான் நாம் கருத வேண்டும். அம்மூலிகைகளின் குணத்தைத் தலைமுறை தலைமுறையாகக் கண்டறிந்தவர்கள் அம்போன் மக்கள். அதைக் கண்ணிழந்தும் சோர்வின்றித் தொகுத்தவர் ரும்பியஸ். அவர்கள் கொடுத்ததற்கு விலை கேட்கவில்லை. அவர் எழுதியதை ஒளிக்க நினைக்கவில்லை. இருவர்க்கும் இடையே நின்று பெட்டியைப் பூட்டிய கம்பெனியோ, 1799-ம் வருஷ முடிவில் கடனில் மூழ்கிக் கலைந்துபோயிற்று. அது காத்த கிராம்பின் ஏகபோகமும் அழிந்தது. இன்று எஞ்சி நிற்பது அந்நூல் ஒன்றே. ஒரு தேசத்தின் மண்ணில் விளைந்த அறிவை ஒரு கூட்டத்தாரின் கணக்குப் புத்தகத்துக்குள் அடக்கப் பார்ப்பவர்கள், இந்த வரலாற்றை ஒரு முறை படித்துப் பார்ப்பார்களாக.