பிள்ளை மடுவமும் தாயின் நம்பிக்கையும்

கண்டி நகருக்குத் தெற்கே எழுந்து நிற்கும் ஹந்தானை மலையை நேயர்கள் பலரும் அறிவர். 1925ஆம் ஆண்டில் அங்கே கட்டப்பெற்ற தேயிலைத் தொழிற்சாலை இன்று அருங்காட்சியகமாக விளங்குகிறது. பழைய பொறிகளைக் கண்டு வியப்போர் பலர். அப்பொறிகளுக்குக் கொழுந்து கொய்து தந்த தாய்மார் தம் கைக்குழந்தைகளை எங்கே விட்டுச் சென்றனர் என்று எண்ணுவோர் சிலரே.

அவ்விடந்தான் பிள்ளை மடுவம். மலையகத் தோட்டங்களில் இன்று அது சிறுவர் அபிவிருத்தி நிலையம் எனப்படுகிறது. பயிற்சி பெற்ற பொறுப்பாளரும், எடை பார்க்கும் தராசும், வளர்ச்சி அட்டையும் வந்துவிட்டன. ஆயினும் 2016ஆம் ஆண்டின் சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்டோருள் வயதுக்கேற்ற உயரமில்லாதோர் நாடு முழுவதிலும் நூற்றுக்கு 17 பேர். தோட்டப் பகுதியிலோ 32 பேர். வறுமை, தாயின் உடல்நலம், லயத்து வாழ்க்கை எனக் காரணங்கள் பல உள. கட்டடத்தால் மட்டும் தீராத குறை ஒன்றும் உண்டு; அது நம்பிக்கைக் குறைவு.

இக்குறைக்கு வரலாறு உண்டு. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோரான இம்மக்களின் துயர் முற்றத் தீர 2003ஆம் ஆண்டின் சட்டம் வரை காத்திருக்க நேர்ந்தது. பெயரும் பிறப்பும் கேட்டுப் பதிவேட்டோடு வருபவரைக் கண்டு ஒரு சமூகம் தயங்கினால், அதனை அறியாமை எனல் தகாது.

தராசும் அத்தகையதே. கொழுந்து குறித்த எடைக்குக் குறைந்தால் அன்று அரைப் பேர்தான் என்பது தொழிலாளப் பெண் நன்கறிந்த கணக்கு. குழந்தையை நிறுக்கும்போதும், "ஏன் குறைந்தது?" என்னும் அதட்டலே எழுமாயின், அதுவும் தன்னைத் தண்டிக்கும் தராசென்றே அவள் கொள்வாள், அடுத்த மாதம் குழந்தையைக் கொண்டுவரத் தயங்குவாள். "இரவில் பால் குடித்தானா? காய்ச்சல் கண்டதா?" என்று கேட்டால், அதே தராசு அவளுக்குத் துணையாகிவிடும்.

சட்டமும் இதற்கு இடந்தருகிறது. மகப்பேற்று நன்மைகள் சட்டத்தின்படி, ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையின் தாய்க்கு வேலை நேரத்தில் இரு பாலூட்டும் இடைவேளைகள் உண்டு. பிள்ளை மடுவம் உள்ள இடத்தில் அவை ஒவ்வொன்றும் 30 நிமிடத்துக்குக் குறையலாகாது. மலையேறி வரும் தாயை மேற்பார்வையாளர் முகஞ்சுளியாது அனுப்பவும், பொறுப்பாளர் இன்முகத்தோடு வரவேற்கவும் செய்தாலன்றி அவ்வுரிமை ஏட்டிலேயே நின்றுவிடும்.

செய்யவேண்டுவன அரியன அல்ல. தாயின் மொழியிலேயே பேசுதல். வீட்டில் குழந்தையைப் பேணும் அம்மாயி, அப்பாயியையும் அழைத்து அவர்தம் அனுபவத்தைக் கேட்டல். ஒரு நாட்கூலி போகாவண்ணம் எடை பார்க்கும் நேரத்தை வகுத்தல். குடும்பத்துச் செய்தியை வெளியில் பேசாதிருத்தல். மாலையில் பிள்ளையை ஒப்படைக்கையில் அன்று அது உண்டதையும் உறங்கியதையும் கூறுதல்.

நாள்தோறும் தவறாத இச்சிறு ஒழுங்குகளே நம்பிக்கையை வளர்ப்பன. தாய் நம்பி உண்மையைச் சொன்னாலன்றி, எந்த அட்டையும் குழந்தையின் நிலையைச் சரியாகக் காட்டமாட்டாது.