குழந்தைகளின் உடல் மணமும் பருவ வளர்ச்சியின் முதற் குறிகளும்

ஏழு அல்லது எட்டு வயதுள்ள ஒரு சிறுவனோ சிறுமியோ விளையாடி முடித்து வகுப்பறைக்குள் நுழையும்போது, வளர்ந்தவர்களிடம் காணப்படுவதைப் போன்ற வியர்வை நாற்றம் வீசுவதை ஆசிரியர்கள் சில வேளைகளில் உணர்வதுண்டு. இதற்குப் பொதுவாக இரு காரணங்கள் கற்பிக்கப்படுகின்றன. குழந்தை ஒழுங்காகக் குளிப்பதில்லை என்பது ஒன்று. பெண் குழந்தையாயின், விரைவில் பூப்பெய்திவிடும் என்பது மற்றொன்று. முதற் கருத்து குழந்தைக்கு அவமானத்தை விளைவிக்கிறது. இரண்டாவது கருத்தோ, பெற்றோர் அஞ்சிப் பெண்ணைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிடும் அளவிற்குச் சென்றுவிடக்கூடும். இவ்விரு கருத்துக்களும் பெரும்பாலும் தவறானவை. உண்மை யாதென ஈண்டு ஆராய்வோம்.

வியர்வைச் சுரப்பிகள் இருவகை

நமது தோலில் இருவகை வியர்வைச் சுரப்பிகள் உள்ளன. ‘எக்ரைன்’ எனப்படும் முதல் வகை ஏறக்குறைய உடல் முழுவதும் பரவியுள்ளது. இருபது இலட்சம் முதல் நாற்பது இலட்சம் வரை இருக்கும். இவை சுரக்கும் நீரில் பெரும்பகுதி தண்ணீரும் சிறிதளவு உப்புமேயாம். உடலைக் குளிர்விப்பதே இவற்றின் தொழில். கைக்குழந்தையிடத்தும் இவை வேலை செய்கின்றன. எனினும் அதன் வியர்வையில் வளர்ந்தோரின் நாற்றம் இருப்பதில்லை.

‘அபோக்ரைன்’ எனப்படும் இரண்டாம் வகை, அக்குள், தொடையிடுக்கு, முலைக்காம்பைச் சுற்றியுள்ள பகுதி ஆகிய சில இடங்களில் மட்டுமே மிகுதியாக உண்டு. இவை மயிர்க்கால்களுக்குள் திறப்பவை. பிறக்கும்போதே அமைந்திருப்பினும், பல ஆண்டுகள் உறங்கிக் கிடப்பவை. இவ்விரு வகைகளையும் வேறுபடுத்திப் பெயரிட்டவர் ஜெர்மானிய அறிஞர் ஷீஃபர்டெக்கர், ஆண்டு 1922.

அபோக்ரைன் சுரப்பிகளின் கசிவில் கொழுப்பும் புரதமும் கலந்துள்ளன. ஆனால் அக்கசிவுக்கும் இயல்பாக நாற்றம் கிடையாது. தோலின்மீது வாழும் பாக்டீரியாக்கள் அதனைச் சிதைக்கும்போதுதான் நாற்றமுடைய பொருள்கள் உண்டாகின்றன. 1953-ஆம் ஆண்டில் அமெரிக்கத் தோல் மருத்துவர் வால்டர் ஷெல்லியும் அவருடைய கூட்டாளிகளும் இதனைச் சோதனை வாயிலாக நிறுவினர். எனவே, நாற்றம் தோன்றுவதற்கு விழித்தெழுந்த சுரப்பி, பாக்டீரியா ஆகிய இரண்டும் தேவை.

சுரப்பிகளை எழுப்புவது எது?

சிறுநீரகங்களின்மேல் தொப்பிபோல் அமைந்திருப்பவை அட்ரினல் சுரப்பிகள். ஏறக்குறைய ஆறு முதல் எட்டு வயதிற்குள் இவற்றின் புறணியில் உள்ள உள்ளடுக்கு முதிர்ச்சியடைந்து, ஆண்மை ஹார்மோன்களின் இனத்தைச் சேர்ந்த வலிமை குறைந்த சில பொருள்களைச் சுரக்கத் தொடங்குகிறது. இஃது ஆண், பெண் இருபாலாரிடத்தும் நிகழ்வது. இதன் விளைவாகவே அக்குளில் மணம் தோன்றுகிறது. தலைமயிரில் எண்ணெய்ப் பசை மிகுகிறது. முகத்தில் ஓரிரு பருக்கள் காணப்படலாம். பின்னர் மறைவிடத்திலும் அக்குளிலும் உரோமம் முளைக்கிறது.

இது பூப்பு அன்று

உண்மையான பருவமடைதல் மற்றொரு வழியாக நிகழ்கிறது. மூளையின் அடிப்பகுதியிலுள்ள ஹைப்போதலாமஸ் ஒரு ஹார்மோனைத் துடிப்புத் துடிப்பாக வெளியிடுகிறது. அது பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்ட, பிட்யூட்டரி சூலகங்களையோ விரைகளையோ தூண்டுகிறது. இந்த ஹைப்போதலாமஸ் ஹார்மோனின் அமைப்பைக் கண்டறிந்த ஆராய்ச்சிக்காக ஷாலி, கியெமான் ஆகிய இருவரும் 1977-ஆம் ஆண்டின் மருத்துவ நோபெல் பரிசில் பங்கு பெற்றனர்.

இவ்வழியின் முதற் குறி பெண்களிடம் மார்பு அரும்புதல். இது வழக்கமாக 8 முதல் 13 வயதிற்குள் தொடங்கும். முதல் மாதவிடாய் வருவதற்கு அதன்பின் பொதுவாக இரண்டு முதல் மூன்று ஆண்டுகள் ஆகும். ஆண்களிடம் முதற் குறி விரைகள் பருத்தல். 9 முதல் 14 வயதிற்குள் தொடங்குவது இயல்பு. அட்ரினலின் கடிகாரமும் மூளையின் கடிகாரமும் தனித்தனியே ஓடுபவை. ஆகவே, மணம் ஒன்றை மட்டும் கொண்டு பூப்பு அண்மையில் உள்ளது என முடிவு செய்தல் பொருந்தாது.

மருத்துவரை நாடவேண்டிய நேரங்கள்

பெண் குழந்தைக்கு 8 வயதிற்கு முன்னும், ஆண் குழந்தைக்கு 9 வயதிற்கு முன்னும் மணமோ உரோமமோ தோன்றினால், ஒருமுறை மருத்துவரிடம் காட்டுவது நன்று. பெரும்பாலும் அவை தீங்கற்றவையாகவே இருக்கும். ஆயினும் பின்வருவனவற்றுள் ஏதேனும் காணப்படின் காலந்தாழ்த்தலாகாது:

1. மேற்கூறிய வயதிற்கு முன்னரே மார்பு அரும்புதல், விரை பருத்தல் அல்லது உதிரப்போக்கு.
2. ஒத்த வயதினரை மிஞ்சி உயரம் திடீரென விரைந்து வளர்தல்.
3. பிறப்புறுப்பு பெரிதாதல், குரல் தடித்தல்.
4. இவற்றுடன் தலைவலி, வாந்தி, பார்வைக் குறைவு.

பிறவியிலேயே அமைந்த அட்ரினல் குறைபாடு, கட்டிகள், மூளைக் கோளாறு ஆகியவை இவற்றிற்குக் காரணமாகலாம். வீட்டிலுள்ள பெரியவர் தோலில் பூசிக்கொள்ளும் ஹார்மோன் களிம்பு குழந்தையின்மீது படுவதும் ஒரு காரணமே. மருத்துவர் இடக்கையை எக்ஸ்-ரே எடுத்து எலும்பின் வயதை மதிப்பிடுவார். மிக முன்னதாகப் பருவமடையும் குழந்தை முதலில் உயரமாகத் தோன்றினும், எலும்பின் வளர்ச்சி நுனிகள் விரைவில் மூடிக்கொள்வதால் இறுதியில் குள்ளமாக நின்றுவிடலாம். மூளையின் வழியாக முந்தித் தொடங்கிய பருவத்தை ஊசி மருந்தால் நிறுத்திவைக்க இன்று இயலும்.

வேறு சில நாற்றங்களும் உண்டு. ஒரு நாசியில் மட்டும் துர்நாற்றமுள்ள சளி ஒழுகினால், குழந்தை விதையையோ மணியையோ மூக்கினுள் திணித்திருக்கக்கூடும். மிகுந்த தாகம், அடிக்கடி சிறுநீர், உடல் மெலிவு ஆகியவற்றுடன் மூச்சில் பழவாடை வீசினால், அது நீரிழிவின் அபாயக் குறியாகும். அன்றே மருத்துவமனைக்கு அனுப்புதல் வேண்டும்.

ஆசிரியரும் களப் பணியாளரும் செய்யத்தக்கவை

நாள்தோறும் சோப்பிட்டு அக்குளையும் தொடையிடுக்கையும் கழுவி, ஈரமின்றித் துடைத்துக்கொள்ளுமாறு கற்பிக்கலாம். தண்ணீர் அரிதான ஊர்களில் முழுக் குளியலுக்கு வழியில்லாவிடினும், இவ்விடங்களைக் கழுவ இரண்டு செம்பு நீர் போதுமானது. பருத்தி ஆடையே ஏற்றது. ஒரே சீருடை உள்ள பிள்ளை அதனை மாலையில் துவைத்து உலர்த்திக்கொள்ளலாம். நாற்றத்தை மணப்பொடியால் மறைப்பதைவிடத் துவைத்த துணி மேலானது.

இவ்வறிவுரையை வகுப்பு முழுவதற்கும் பொதுப் பாடமாகக் கூறுதல் வேண்டும். ஒரு குழந்தையைப் பெயர் சொல்லி எழுப்பி நிறுத்துதல் கூடாது. தனியே சொல்லவேண்டியதைத் தாயிடமோ தந்தையிடமோ சொல்லலாம். 2013-இல் தொடங்கப்பெற்ற தேசியக் குழந்தைகள் உடல்நலத் திட்டத்தின் நடமாடும் மருத்துவக் குழு பள்ளிக்கு வரும்போது, ஐயத்திற்குரிய குழந்தையை அவர்களிடம் காட்டலாம்.

இறுதியாக ஒன்று. உடல் முந்தி வளரினும் உள்ளம் வயதிற்கேற்பவே வளர்கிறது. எட்டு வயதுப் பெண்ணுக்குப் பன்னிரண்டு வயதின் தோற்றம் வந்துவிட்டாலும், அவள் எட்டு வயதுக் குழந்தையே. அவளுக்குரிய இடம் விளையாட்டுத் திடலும் பள்ளியுமேயாகும். இதனைப் பெற்றோர்க்கு எடுத்துரைத்து, அவள் பெயர் வருகைப் பதிவேட்டிலிருந்து நீங்காமல் காப்பது ஆசிரியரின் கடமையாகும்.